உங்களுக்குத் தெரியுமா? கடலடியில் கிடைத்த வெண்கலக் கோடரிகள்

மண்ணைத் தோண்டி எடுத்த கோடரி, தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லும். கடலடியில் கிடைத்த கோடரி, தான் போய்க்கொண்டிருந்த வழியைச் சொல்லும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் யார் யாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள் என்பதற்குக் களிம்பேறிய இந்தத் துண்டுகள் நேரடிச் சாட்சி. அந்தச் சாட்சிகளில் சில இங்கே.

டோவர் பாறையின் அடியில்

ஆண்டு 1974. இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்குக் கிழக்கே, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் கீழே லாங்டன் வளைகுடா இருக்கிறது. உள்ளூர் முக்குளிப்புக் கழகத்தினர் அங்கே கடலடியில் பச்சை நிறத் துண்டுகளைக் கண்டார்கள். எடுத்துப் பார்த்தால் வெண்கலம்! கோடரிகள், வாள்கள், குத்துவாள் அலகுகள் என்று தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. எண்ணிக்கை 350ஐத் தாண்டியது. இவை கி.மு. 1300க்கும் 1150க்கும் இடைப்பட்டவை. தொழில்முறை ஆய்வாளர்கள் தேடிப் போய்க் கண்ட புதையல் அல்ல இது. விடுமுறை நாளில் கடலில் இறங்கும் ஆர்வலர்களின் கண்ணில் பட்டது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எதிர்க்கரைச் சரக்கு

லாங்டன் வளைகுடாக் கோடரிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து வகையே அல்ல. பிரான்சில் ஏராளமாகக் கிடைக்கும் வகைகள். அப்படியானால் இங்கிலாந்து மண்ணிலும் இவை நிறையக் கிடைக்க வேண்டுமே? கிடைப்பதில்லை, மிக அரிது. காரணம் எளியது. கரைக்கு வந்து சேர்ந்த பிரெஞ்சுக் கோடரி உடனே உலைக்குப் போனது. உருகி, உள்ளூர் அச்சில் உள்ளூர்க் கோடரியாக மறுபிறவி எடுத்தது. கரை சேர்ந்தவை உருகிப்போயின. கரை சேராதவை மட்டும் உருவம் மாறாமல் மிஞ்சின. கடல் காட்டிக் கொடுத்திராவிட்டால், இப்படி ஒரு வணிகம் நடந்ததையே நாம் குறைத்து மதிப்பிட்டிருப்போம்.

கோடரிக்குச் சிறகு எதற்கு?

லாங்டன் கோடரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி செருக அதில் துளை இருக்காது. அலகின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் மெல்லிய மடல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கைபோல் வளைந்த மரக்கிளையின் நுனியைப் பிளந்து, அந்தப் பிளவில் கோடரியைச் செருகி, மடல்களை மரத்தைச் சுற்றி உள்பக்கமாகத் தட்டி மடக்கிவிடுவார்கள். கோடரி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இதைச் சிறகுக் கோடரி என்கிறார்கள். இன்னொரு வகையில் மடலுக்குப் பதில் நடுவே ஒரு தடுப்பு வரம்பு இருக்கும். வெட்டும்போது விழும் அடி அலகைப் பிடிக்குள் தள்ளிப் பிடியைப் பிளந்துவிடாமல் அந்த வரம்பு தாங்கிக்கொள்ளும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறு வளையமும் உண்டு. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதற்கு. துளையிட்ட கோடரித் தலையை வார்ப்பதைவிடக் குறைந்த உலோகத்தில் காரியம் முடிந்துவிடும்.

படகு எங்கே?

லாங்டன் வளைகுடாவில் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. டோவர் நீரிணையில் ஏற்றவற்ற நீரோட்டம் கடுமையானது. மணல் மூடிக் காக்காத மரத்தை அலையும் புழுவும் சில ஆண்டுகளிலேயே தீர்த்துவிடும். வெண்கலம் மட்டும் பாறை இடுக்குகளில் தங்கிவிட்டது. ஆனாலும் ஒரே இடத்தில், ஒரே காலத்தைச் சேர்ந்த, ஒரே கரையிலிருந்து வந்த இத்தனை பொருள்கள் குவிந்து கிடப்பதைக் கவிழ்ந்த ஒரு படகின் சரக்கு என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

சிசிலித் தீவுக் கருவி, டெவன் கடலில்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டம். அங்கே சால்கம் கடற்கரைக்கு அப்பால், மூர் சாண்ட் என்ற இடத்தில் 1977-ல் வெண்கல வாள்கள் கிடைத்தன. பிற்காலத் தேடலில் அதே கடற்பகுதியில் ஒரு விசித்திரமான கருவி மேலே வந்தது. கனத்த வெண்கல வார்ப்பு, பிடியைச் செருகுவதற்கு ஒரு குழல். இங்கிலாந்தில் இதற்கு இணை இல்லை. பக்கத்துப் பிரான்சிலும் இல்லை. இணை இருப்பது மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவில்! இதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவு எட்டப்படவில்லை. ஆனால் எங்கிருந்து புறப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஒரே படகு சிசிலியிலிருந்து டெவன் வரை வந்திருக்க வேண்டும் என்பதில்லை. கைமாறிக் கைமாறி, துறைக்குத் துறை ஏறி இறங்கி வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தென்கோடியையும் வடமேற்குக் கோடியையும் இணைத்த வழி ஒன்று இருந்தது என்பதை ஒரே ஒரு கருவி நிறுவிவிட்டது. ராஜா, போர், ஒப்பந்தம் எதையும் சொல்லாத ஒரு கைக்கருவி வரைபடத்தில் இவ்வளவு நீளக் கோட்டை இழுக்கிறது என்றால் அதை வணங்கத்தான் வேண்டும்.

அதே கடலில் இன்னொரு சரக்கு

சால்கம் கடற்பகுதியின் ஆச்சரியம் அதோடு முடியவில்லை. 2009 வாக்கில் அங்கே 250க்கும் மேற்பட்ட செம்புக் கட்டிகளும் 27 வெள்ளீயக் கட்டிகளும் எடுக்கப்பட்டன. இவை சிசிலிக் கருவியைவிடச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை, சுமார் கி.மு. 900. செம்பும் வெள்ளீயமும் தனித்தனிக் கட்டிகளாக ஒரே இடத்தில்! வெண்கலம் செய்யத் தேவையான இரண்டு பொருள்களும் கலப்பதற்கு முன்பே கடலில் மூழ்கிவிட்டன.

ஒன்பதுக்கு ஒன்று

செம்பு ஒன்பது பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. கோடரிக்கும் உளிக்கும் ஏற்ற வெண்கலக் கலவை ஏறக்குறைய இதுதான். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 டிகிரி போதும். இரண்டும் கலந்தால் தனிச் செம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும், அச்சில் நன்றாக ஓடி நிறையும், ஆறியதும் செம்பைவிடக் கடினமாக இருக்கும். வார்த்து முடித்தபின் வெட்டுவாயைச் சுத்தியலால் தட்டித் தட்டி இன்னும் கடினமாக்குவார்கள். மழுங்கினால் மறுபடி தட்டித் தீட்டலாம். உடைந்தால் மறுபடி உருக்கலாம்.

கடலைத் தாண்ட வைத்த ஒரு பங்கு

செம்பு பல நாடுகளில் கிடைக்கும். வெள்ளீயம் அப்படியல்ல, உலகில் சில இடங்களில்தான் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால், ஸ்பெயின், போர்த்துகல், மத்திய ஆசியா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்பது பங்கை வீட்டுப் பக்கத்திலேயே வெட்டி எடுத்தாலும், மிச்சமுள்ள ஒரு பங்குக்காகக் கடல் தாண்டியே ஆக வேண்டும். வெண்கலக் காலத்து மனிதரைத் தொலைதூர வணிகத்துக்குத் தள்ளிய பெரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

உடைந்த கருவிக்கும் கப்பல்

துருக்கியின் தென்கரையில் கெலிடோன்யா முனை. சுமார் கி.மு. 1200-ல் அங்கே ஒரு கப்பல் மூழ்கியது. அதில் இருந்த வெண்கலச் சாமான்களைப் பாருங்கள்: கோடரி, வாய்ச்சி, களைக்கொட்டு, உளி, கத்தி, ஏர்க்கொழு. பெரும்பாலானவை உடைந்தவை, தேய்ந்தவை. சைப்ரஸ் தீவு வகையைச் சேர்ந்த இவற்றைக் கூடைகளில் அள்ளிப் போட்டு ஏற்றியிருந்தார்கள். நம் தெருக்களில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவார்களே, அந்த வியாபாரத்தின் கடல்வழி வடிவம் இது. உடைந்த களைக்கொட்டுக்கும் அடுத்த துறையில் விலை இருந்தது. கப்பலில் கல் சுத்தியலும் பட்டறைக் கல்லும்கூட இருந்தன. போகும் இடத்திலேயே கருவி செய்து கொடுக்கும் கொல்லர் ஒருவரும் அதில் பயணம் செய்திருக்கலாம்.

ஆய்வாளரே மூழ்கிய முதல் அகழாய்வு

அந்தக் கெலிடோன்யா கப்பல் இருக்கும் இடத்தைச் சொன்னவர் கெமால் அராஸ் என்ற கடற்பஞ்சுக் குளியாளர். அதைத் தேடி உறுதிப்படுத்தியவர் பீட்டர் த்ராக்மார்டன். 1960-ல் அகழாய்வு செய்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் பாஸ். அதுவரை கடலடியில் பொருள் எடுப்பது முக்குளிப்பவர் வேலை. ஆய்வாளர் படகில் உட்கார்ந்து வாங்கிக் குறித்துக்கொள்வார். பாஸ் அதை மாற்றினார். தானே முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, நிலத்தில் அளப்பதுபோலவே கடலடியிலும் ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து, வரைந்து, படமெடுத்த பிறகே எடுத்தார். கடலடித் தொல்லியல் முறையான ஆய்வுத் துறையாகத் தலையெடுத்தது அங்கேதான்.

ஹோமர் சொன்ன சுள்ளி

கெலிடோன்யாவில் சரக்குக்கு அடியில் சுள்ளிகள் பரப்பியிருந்தது தெரியவந்தது. கனமான உலோகக் கட்டிகள் கப்பலின் மெல்லிய பலகையைக் குத்திவிடாமல் இருக்க மெத்தைபோல் அவற்றைப் போட்டிருக்கிறார்கள். ஹோமரின் ஒடிசியில் நாயகன் தன் கலத்தில் சுள்ளிகளை நிரப்பும் இடம் ஒன்று வருகிறது. எதற்காக என்று உரையாசிரியர்கள் நெடுங்காலம் குழம்பினார்கள். விடை கடலடியில் கிடைத்தது.

காது வைத்த பிஸ்கட்

1982. அதே துருக்கிக் கரையில் உலுபுருன் முனை. கடற்பஞ்சு எடுக்க இறங்கிய மெஹ்மெட் சக்கீர், கடலடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடப்பதாக வந்து சொன்னார். கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது. மூழ்கிய ஒரு கப்பலின் சரக்கு, நான்கு மூலையும் காதுபோல் நீண்ட செம்புக் கட்டிகள் அவை. ஒவ்வொன்றும் சுமார் 24 கிலோ. விரித்த மாட்டுத் தோல் வடிவம் என்பதால் ஆய்வாளர்கள் அவற்றை மாட்டுத்தோல் கட்டிகள் என்பார்கள். இத்தகைய கட்டிகளைப் பார்த்தால் தகவல் சொல்லுங்கள் என்று ஆய்வாளர்கள் குளியாளர்களிடம் ஏற்கெனவே படம் வரைந்து காட்டி வைத்திருந்தார்கள். பேச்சுக்கொடுத்துப் பழகியதன் பலன்!

22,413 முறை

உலுபுருன் அகழாய்வு 1984 முதல் 1994 வரை நடந்தது. ஆழம் 44 மீட்டருக்கும் கீழே. அந்த ஆழத்தில் ஒருவர் ஒரு தடவை இறங்கினால் சில நிமிடங்கள்தான் வேலை செய்ய முடியும். எனவே மொத்தம் 22,413 முறை மூழ்க வேண்டியிருந்தது. பாஸ் தொடங்கிவைத்த பணியை ஜெமால் புலாக் முடித்துக் கொடுத்தார்.

பத்து டன், ஒரு டன்

உலுபுருன் கப்பலில் செம்பு சுமார் 10 டன். வெள்ளீயம் சுமார் 1 டன். நாம் மேலே பார்த்த கலவை விகிதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 டன் வெண்கலம். கணக்குப் போட்டே ஏற்றியதுபோல் இருக்கிறது! செம்பு சைப்ரஸ் தீவினுடையது என்று வேதியியல் ஆய்வு காட்டியது. வெள்ளீயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசியச் சுரங்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மலைப்பாதைகளில் சுமந்து வந்து, பிறகு கடலேற்றப்பட்ட உலோகம்.

ஒரு வரியில்

● உலுபுருன் கப்பலில் பால்டிக் கடல் அம்பர் மணியும், ஆப்பிரிக்கக் கருங்காலி மரமும், நீர்யானைப் பல்லும் ஒன்றாக இருந்தன.

● எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க முத்திரை ஒன்றும் கிடைத்தது. ஆகவே அவர் காலத்துக்கு முன் அந்தக் கப்பல் மூழ்கியிருக்க முடியாது.

● தந்தக் கீல் வைத்து மடக்கும் மரப்பலகை ஒன்று இருந்தது. மெழுகு பூசி எழுதும் பலகை அது.

● சரக்கோடு ஓர் எலியும் ஏறியிருந்தது. அதன் தாடை எலும்பை அளந்து, வட சிரியக் கரையை ஒட்டிய பகுதியில் அது ஏறியிருக்க வேண்டும் என்று 2008-ல் கணித்தார்கள்.

● இந்தப் பொருள்களையெல்லாம் துருக்கியின் போத்ரும் கோட்டையில் உள்ள கடலடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மரத்தைக் காத்த நஞ்சு

உலுபுருனில் கப்பலின் அடிமரம் ஓரளவு மிஞ்சியது. கெலிடோன்யாவில் கூடைப் பின்னல்கூட மிஞ்சியது. சரக்கின் எடையில் மணலுக்குள் அழுந்தியது ஒரு காரணம். மற்றொன்று செம்பு. செம்பு கரைந்து ஊறும் உப்புகள், மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடற்படை தன் கப்பல்களின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்ததும் இதே குணத்தை நம்பித்தான்.

வெண்கலத்துக்கும் நோய் வரும்

கடலடியில் மூவாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த கோடரி, மேலே வந்த சில மாதங்களில் பொடிந்து போகக்கூடும். கடல் உப்பிலுள்ள குளோரைடு உலோகத்துக்குள் புகுந்து செம்பு குளோரைடாக மறைந்திருக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது விழித்துக்கொள்ளும். அமிலம் உண்டாகி உலோகத்தை மேலும் அரிக்கும். அந்த அரிப்பில் மறுபடி குளோரைடு. வெளிறிய பச்சைப் பொடி புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். அதனால்தான் மேலே எடுத்ததும் காயவிடாமல் நீரிலேயே வைத்து, உப்பை மெல்ல மெல்ல வெளியேற்றி, பிறகு பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, ஈரம் புகாத பெட்டியில் வைக்கிறார்கள். புளியும் சாம்பலும் போட்டுப் பளபளக்கத் தேய்த்துவிட்டால், வெட்டுவாயில் இருந்த தேய்மானக் கோடுகளும் சுத்தியல் தடங்களும் அதோடு போய்விடும்.

தைத்த படகு

லாங்டன், சால்கம் சரக்குகளை ஏற்றிய வட ஐரோப்பியப் படகு எப்படி இருந்திருக்கும்? 1992-ல் டோவர் நகரில் சாலைப் பணிக்குத் தோண்டியபோது, சுமார் 6 மீட்டர் ஆழத்தில் ஒரு படகு வெளிப்பட்டது. வயது ஏறத்தாழ 3,500 ஆண்டுகள். கருவாலி மரப் பலகைகளை யூ மரத்தின் முறுக்கிய கொம்புகளால் தைத்து, இடுக்குகளில் பாசி அடைத்திருந்தார்கள். ஓர் ஆணிகூட இல்லை. சோழமண்டலக் கரையில் அண்மைக்காலம் வரை தென்னங்கயிற்றால் தைத்து ஓட்டிய மசூலாப் படகுகள் நினைவுக்கு வரும். தொடர்பே இல்லாத இரண்டு கரைகளில் அலையில் நெகிழ்ந்து கொடுக்கும் படகுக்கு ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். டோவர் படகின் பலகைகளில் அதைச் செதுக்கிய வெண்கலக் கருவிகளின் வெட்டுத் தடங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. கருவியைக் கடல் காத்தது. அது செய்த வேலையை மண் காத்தது.

விபத்தா, காணிக்கையா?

நீரில் கிடைத்த வெண்கலமெல்லாம் கவிழ்ந்த கப்பலின் சரக்கு அல்ல. ஸ்பெயினின் ஹுவெல்வா துறைமுகத்தில் 1923-ல் ஆற்றுமுகத்தைத் தூர்வாரியபோது சுமார் 400 வெண்கலப் பொருள்கள் வந்தன. வாள்கள், ஈட்டிமுனைகள் என்று பெரும்பாலும் ஆயுதங்கள். மூழ்கிய கப்பல் என்று சிலரும், தெய்வத்துக்கு நீரில் இட்ட காணிக்கை என்று சிலரும் இன்றும் வாதிடுகிறார்கள். தூர்வாரும் இயந்திரம் அள்ளிக் கொட்டியதால், எது எதனருகே எப்படிக் கிடந்தது என்ற குறிப்பு இல்லை. அந்தக் குறிப்பு இருந்திருந்தால் வாதத்தைத் தீர்ப்பது எளிதாகியிருக்கும்.

கார் ரேடியேட்டரில் கரைந்த வரலாறு

1970களில் இஸ்ரேலின் ஹைஃபா பக்கம் ஒரு பழுதுபார்க்கும் பட்டறை. கார் ரேடியேட்டர்களைப் பற்றவைக்க அங்கே உருக்கிக்கொண்டிருந்தது, மீனவர் கடலிலிருந்து எடுத்து விற்ற பழங்கால வெள்ளீயக் கட்டிகளை! தெரிந்தவர் கண்ணில் பட்டு இரண்டு கட்டிகள் தப்பின. அவற்றின் மேல் சைப்ரஸ் தீவு எழுத்தைப் போன்ற குறிகள் இருந்தன. அந்தக் கடற்கரையில் கிடைத்த வேறு வெள்ளீயக் கட்டிகளைச் சோதித்த 2019 ஆய்வு, அவை கார்ன்வால் பகுதியின் உலோகமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று சொன்னது. இங்கிலாந்தின் மேற்கு மூலைக்கும் இஸ்ரேல் கரைக்கும் இடையே வெண்கலக் காலத்திலேயே பாதை! மீனவர்மேலும் பட்டறைக்காரர்மேலும் குற்றமில்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் லாங்டன் வளைகுடாவும் மூர் சாண்டும் 1978 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள்; உரிமம் இல்லாமல் மூழ்கக் கூடாது. மூழ்கிய கப்பலின் பொருள் எதை எடுத்தாலும் 28 நாள்களுக்குள் அரசு அலுவலரிடம் அறிவிக்க வேண்டும். 2001-ல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கை, கடலடிப் பாரம்பரியத்தை விற்றுக் காசாக்குவதைத் தடுக்கிறது. முடிந்தவரை கிடந்த இடத்திலேயே காப்பாற்றச் சொல்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்கள் தொல்பொருள்களாகும். இந்தியத் தொல்லியல் துறையில் 2001 முதல் கடலடித் தொல்லியலுக்கென்று தனிப் பிரிவும் இயங்குகிறது.

உங்கள் வலையில் சிக்கினால்?

மேலே படித்த கண்டுபிடிப்புகளைத் திரும்பப் பாருங்கள். பொழுதுபோக்காக மூழ்கியவர், கடற்பஞ்சு எடுத்தவர், மீன் பிடித்தவர் என்று முதலில் பார்த்தவர்களில் பலர் கடலில் புழங்கும் சாதாரண மனிதர்கள். மீனவர் வலையில் பச்சையேறிய உலோகத் துண்டோ, துளையிட்ட கல் நங்கூரமோ சிக்கினால் தேய்க்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். எந்த இடத்தில், எத்தனை பாகம் ஆழத்தில் சிக்கியது என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள்; கைப்பேசியிலோ ஜிபிஎஸ் கருவியிலோ இடத்தைப் பதிவுசெய்தால் இன்னும் நல்லது. பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரியப்படுத்துங்கள். பொருளை மட்டும் கொடுத்தால் அருங்காட்சியகத்தில் ஒரு கோடரி கூடும். இடத்தையும் சேர்த்துச் சொன்னால், மறந்துபோன ஒரு கடல்வழியே நமக்குத் திரும்பக் கிடைக்கும்.